அனுபவம்: ஜெராக்ஸ் கடை, ஏழு வருஷம்

அவளுடைய பெயரை எழுத மாட்டேன். எழுதலாமா என்று அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் "என்னா எழுதிக்கீறீங்க, காட்டுங்கண்ணா" என்பாள். காட்டினால் பாதியை அடித்துவிடுவாள். இது இப்படி நடக்கலையே, நான் இப்படிச் சொல்லலையே என்று வரிக்கு வரி சண்டைக்கு வருவாள். ஆகவே பெயரில்லாமலே போகட்டும். திண்டிவனத்தில் மேம்பாலத்தை ஒட்டியிருந்த அந்த ஜெராக்ஸ் கடைக்கு ஒரு தடவையாவது மனு நிரப்பப் போனவர்கள் இதைப் படித்தால், ஆளைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பலகையில்தான் ஜெராக்ஸ். உள்ளே நடந்ததில் முக்கால்வாசி, கம்ப்யூட்டரில் மனு நிரப்புகிற வேலை. வருமானச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உதவித்தொகை, பட்டா மாற்றம் என்று காலையிலிருந்து கூட்டம் நிற்கும். மற்ற கடைகளில் ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் எல்லாக் கட்டத்தையும் அவர்களே நிரப்பி அனுப்பியிருப்பார்கள். இவளிடம் அது நடக்காது. ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டு வாசிப்பாள். வாசித்துவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள். பதில் வரும்வரை விரல் அசையாது.

"ஏதாச்சும் போடும்மா, ஜல்தி, பஸ்ஸு போய்டும்" என்று ஒருவர் அவசரப்படுத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

"ஏதாச்சும்னு ஒரு கட்டம் இதுல இல்லைங்க. நீங்க சொல்லுங்க, போடுறேன்" என்றாள்.

அவர் பஸ்ஸை விட்டார்.

எனக்கு அவளைத் தெரிய வந்தது இந்தக் கடையில் அல்ல. விழுப்புரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் நடந்த சாஃப்ட்வேர் வகுப்பில். நான் பத்து வருஷம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக மரக்காணத்துக்கும் செஞ்சிக்கும் பைக் ஓட்டிக்கொண்டிருந்தவன். கம்பெனி ஆளைக் குறைத்தது. அந்தக் குறைந்த ஆளில் நானும் ஒருவன். முப்பத்து நாலு வயதில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். அவளுக்கு இருபத்தைந்து. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததுமே கடையில் சேர்ந்து, தபாலில் டிகிரி வாங்கியவள். கிளியனூர் பக்கம் ஊர். திங்கள் முதல் வெள்ளி வரை கடை, சனி ஞாயிறு வகுப்பு. இருவரும் திண்டிவனத்தில் ஒரே பஸ் பிடிப்போம். ஒரு மணி நேரம் போகும், ஒரு மணி நேரம் வரும். அவ்வளவு நேரம் பக்கத்து சீட்டில் இருந்தும் அவள் என்னிடம் ஒரு தடவைகூட "உங்களுக்கு நல்லா வரும்ண்ணா" என்று சும்மா ஆறுதலுக்குச் சொன்னதில்லை.

நாங்கள் படித்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகளில் ஒருவருடைய கம்ப்யூட்டர் ஓடவில்லை, ஒருவருக்குச் சாவி வேண்டும், ஒருவருக்கு அனுமதி வேண்டும் என்றால், அதை எழுதிப்போட ஒரு மென்பொருள் இருக்கிறது. எழுதிப்போட்டதை டிக்கெட் என்பார்கள். டிக்கெட் யாரிடம் போகிறது, யார் முடித்தார், எப்போது முடித்தார், எல்லாம் அதிலேயே பதிவாகும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அதை ஒவ்வொரு கம்பெனிக்கும் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுக்க ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆயிரத்தில் பன்னிரண்டு பேராகத்தான் நாங்கள் அந்த மாடியில் உட்கார்ந்திருந்தோம்.

வகுப்பு எடுத்தவரைச் சார் என்றுதான் எல்லோரும் அழைப்போம். நல்ல மனிதர். வேகமானவர். "கிளியரா?" என்று அவர் கேட்டால் பதினொரு தலைகள் ஆடும். எதுவும் விளங்காமல்தான் ஆடும். அதில் என் தலையும் உண்டு. முப்பத்து நாலு வயதில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் வரும்.

"புரியலை சார்."

திருப்பிச் சொல்வார். "இப்ப?"

"இன்னும் புரியலை சார்."

ஒரு நாள் மூன்றாவது தடவையும் அதையே சொன்னாள். முன்னால் இருந்த பையன் ஒருவன் திரும்பி, "பேஜாரு பண்ணாதக்கா, வீட்டுக்குப் போய் வீடியோ பார்த்துக்க" என்றான். அவள் அசரவில்லை. "உனக்குப் புரிஞ்சுதா? புரிஞ்சிருந்தா நீ எழுந்து சொல்லு, நான் கேட்டுக்கறேன்" என்றாள். அவன் கழுத்து முன்பக்கம் திரும்பிக்கொண்டது. அன்றைக்குச் சார் நாலாவது தடவை சொன்னபோதுதான் எனக்கும் விளங்கியது. அதற்காக அவளுக்கு நான் நன்றி சொல்லவில்லை. எனக்கு ஏற்கெனவே தெரிந்தது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

வகுப்பு முடியும் தறுவாயில் அந்தத் தாள் வந்தது. வேலைக்கு அனுப்புகிற சுயவிவரத் தாள். அதில் அனுபவம் என்று ஓர் இடம் இருந்தது. சார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் மூணு வருஷம் போடுங்க. எந்தக் கம்பெனினு நான் பேர் தர்றேன். கேட்டா அங்கேர்ந்து பதில் வரும், அதெல்லாம் ஏற்பாடு இருக்கு."

இதில் யாரும் அதிரவில்லை. எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிற பாதிப் பேர் இந்தக் கதவு வழியாகத்தான் வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். புதியவனை எவனும் கூப்பிட மாட்டான். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அனுபவம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்கிற கதை. நானும் போட்டேன். மூன்று வருஷம். பேனா சற்றும் தயங்கவில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவள் எழுதியதைச் சார் வாங்கிப் பார்த்தார். சிரித்துவிட்டார். "அனுபவம்: ஜெராக்ஸ் கடை, ஏழு வருஷம்" என்று எழுதியிருந்தாள்.

"இன்னாம்மா இது? இதை எழுதினா எவன் கூப்புடுவான்?"

"கூப்புடலைனா போவட்டும் சார். நான் அங்கதான் இருந்தேன்."

"ஊரே போடுது. நீ ஒருத்தி போடாததால நாடு திருந்திடுமா?"

"நாடு திருந்தறதுக்கு எழுதலைங்க சார். நாளைக்கு அந்த மூணு வருஷத்துல என்னா செஞ்சனு கேட்டா, நான் எந்த முகத்தை வெச்சிக்கினு பேசறது? இல்லாததை எழுத மாட்டேன். அவ்ளோதான்."

அன்று பஸ்ஸில் எனக்கு அவள் மேல் ஆத்திரம். அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் ஆத்திரம். "பொழைக்கத் தெரியாத பொண்ணு" என்று வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அவ பொழைச்சுக்குவா" என்றாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவளைத் தூக்கிவைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். அவளுடைய இந்தக் குணம் ஆட்களை அடித்துப் போட்டிருக்கிறது. கணவனை இழந்த ஒரு பெண்மணி உதவித்தொகைக்கு மனுப் போட வந்தார். மகன் இருக்கிறானா என்று ஒரு கட்டம். மகன் இருக்கிறான், கோட்டக்குப்பத்தில் ஒரு கடையில் வேலை, அம்மாவுக்கு ஒரு வேளைச் சோறு கிடையாது. வேறு எந்தக் கடையிலும் "மகன் இல்லை" என்று தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். இவள் "மகன் உண்டு, கவனிப்பதில்லை" என்று போட்டாள். மனு திரும்பி வந்துவிட்டது. கவனிப்பதில்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம்.

அந்த அம்மாள் கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறை. "உன் உண்மைய நீயே வெச்சிக்கினு கஞ்சி காச்சிக் குடிடீ!" என்று தெருவே கேட்கக் கத்தினார். கடைக்காரர் இவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அடுத்த இரண்டு நாள் இவள் லீவு போட்டாள். அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு கோட்டக்குப்பம் போய், மகனைக் கடையிலிருந்து வெளியே கூப்பிட்டு, "நான் என் தாயாரைக் கவனிப்பதில்லை" என்று அவன் கையாலேயே எழுதி வாங்கி வந்துவிட்டாள். எப்படி வாங்கினாய் என்று கேட்டேன். "உண்மையத்தானே எழுதச் சொல்றேன், எழுதுறதுக்கு அசிங்கமா இருந்தா சோறு போடுன்னேன்" என்றாள். அவன் எழுதிக் கொடுத்தானாம். அதைக் கேட்டு நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

பணம் வர நாலு மாதம் ஆயிற்று. "அந்த நாலு மாசம் அந்தம்மா என்ன சாப்பிட்டாங்க?" என்று நான் ஒரு நாள் பஸ்ஸில் கேட்டேன். குத்த வேண்டும் என்றுதான் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "தெரியாதுண்ணா. அது என்னாலதான். இல்லைனு சொல்ல மாட்டேன்."

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

வகுப்பில் எல்லோரும் பழகிப் பார்க்க ஒரு சின்னத் திட்டம் செய்ய வேண்டியிருந்தது. மென்பொருள் கம்பெனியே இலவசமாக ஒரு பயிற்சி இடம் தரும். நமக்கென்று ஒரு வீடு மாதிரி, அதில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். சார் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தார்: ஊழியர் லேப்டாப் வேண்டும் என்று கேட்பது, மேலதிகாரி சரி என்று சொல்வது. நாங்கள் பதினொரு பேரும் லேப்டாப் கேட்டோம். அவள், "எங்க ஊர்ல யாரும் லேப்டாப் கேக்கறதில்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு, மல்லாட்டை அடிக்கிற மெஷினுக்கு வரிசை போட்டாள். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அறுவடைக் காலத்தில் ஊருக்கு ஒரு மெஷின் வாடகைக்கு வரும். காணி கணக்கில் நிலம் வைத்திருப்பவர்கள் களத்துக்கு அது முதலில் போகும். குத்தகைக்கு அரைக்காணி போட்ட அவள் அப்பா மாதிரி ஆட்களின் செடி மழையில் நனைந்து முளைவிட்ட பிறகு கடைசியாக வரும். அவள் செய்த திட்டத்தில் யார் முதலில் பதிந்தாரோ அவருக்கே மெஷின்.

"பிரயாரிட்டி எங்கம்மா? யாருக்கு அவசரம்னு ஒரு கட்டம் வைக்கணும். அது இல்லாம இந்த சாஃப்ட்வேரே இல்லை" என்றார் சார்.

"வெச்சா பெரிய களத்துக்காரங்க அவசரம்னு போட்டுக்குவாங்க சார். எல்லாருக்கும்தான் அவசரம்."

அதற்கு மதிப்பெண் குறைந்தது. அவள் மாற்றவில்லை.

அந்தத் திட்டம் ஒரு நாள் அடியோடு காணாமல் போனது. அந்தப் பயிற்சி இடத்துக்கு ஒரு விதி உண்டு: பத்து நாள் நாம் அதில் வேலை செய்யாவிட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். மல்லாட்டை பிடுங்கும் நேரம், அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அவள் கடைக்கும் வகுப்புக்கும் லீவு சொல்லிவிட்டு வயலில் நின்றாள். விதி அவளுக்குத் தெரியும். அதனால் தினமும் வரப்பில் உட்கார்ந்து போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். எட்டிப் பார்த்தாலே கணக்கில் சேர்ந்துவிடும் என்று நினைத்துவிட்டாள். உள்ளே நுழைந்து ஏதாவது செய்தால்தான் கணக்காம். வாசல் கதவைத் தினமும் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் வீடே இல்லை. இரண்டு மாத உழைப்பு. இன்னும் ஒன்பது நாளில் எல்லோரும் திட்டத்தைக் காட்டியாக வேண்டும். காட்டினால்தான் சான்றிதழ்.

நான் என்னுடையதை ஒரு கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் வைத்திருந்தேன். அதை அவள் புதிய இடத்தில் ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மனமார நீட்டினேன்.

"வேணாண்ணா."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

எட்டு நாள். கடையில் ஒரு மனுவுக்கும் அடுத்த மனுவுக்கும் இடையில் உட்கார்ந்து முதலிலிருந்து கட்டினாள். ஸ்கிரிப்ட்டில் மட்டும் தடுமாறினாள். மென்பொருள் தானாகச் செய்ய வேண்டிய காரியங்களைச் சில வரிகளில் எழுதி வைப்பதுதான் ஸ்கிரிப்ட். எனக்கு ஏனோ அது கொஞ்சம் கை ஓடும். நான் இரண்டு இடத்தைச் சொன்னேன். திட்டத்தைக் காட்டிய அன்று எல்லோர் முன்னாலும், "இந்த ரெண்டு எடம் அண்ணன் சொன்னது, மிச்சம் நான் செஞ்சது" என்றாள். யாரும் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் எதிர்பார்ப்பதுதான். மூன்று வருஷம் போட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் வேலை கிடைத்தது. எனக்குச் சென்னையில் ஒரு கம்பெனி. வாரத்தில் மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே வேலை. "போன கம்பெனில நீங்க எப்படிப் பண்ணீங்க?" என்று யாராவது கேட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்புவேன். அப்படியே சமாளித்தேன். அவளை எவனும் கூப்பிடவில்லை. ஒரு வருஷம் அதே கடை, அதே நாற்காலி. பிள்ளைக்குச் சான்றிதழ் நகல் எடுக்கப் போகும்போது, "எதாவது வந்துதாம்மா?" என்பேன். "வரலைண்ணா. அந்தப் பயிற்சி எடத்துல தெனம் உள்ள போய் வேலை செஞ்சிக்கினுதான் இருக்கேன்" என்பாள். ஒரு தடவை மனசு கேட்காமல், "இப்பவாவது அந்த மூணு வருஷத்தைப் போட்டுத் தொலையேன்" என்றேன். நகலை என் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த ஆளு வாங்க" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். மேனேஜர் மேடம், ஓர் இண்டர்வியூவில் துணைக்கு உட்காரும்படி சொன்னார். என் தாளின்படி எனக்கு நாலு வருஷ அனுபவம் அல்லவா, ஆள் தேர்ந்தெடுக்கிற தகுதி வந்துவிட்டது. சுயவிவரம் மெயிலில் வந்தது. திறந்தேன். போன வருஷம் எழுதிய அதே தாள். ஜெராக்ஸ் கடை, ஏழு வருஷம்.

ஒரு விஷயம் உடனே புரிந்தது. ஆட்களை வடிகட்டுவதும் எங்கள் ஆபீஸில் ஒரு மென்பொருள்தான். அது ஏழு வருஷம் என்ற எண்ணைப் பார்த்திருக்கிறது, கடையைப் பார்க்கவில்லை. ஊரே பொய் எழுதிக் கஷ்டப்பட்டு நுழைகிற வாசலில், அவள் உண்மையை எழுதித் தவறுதலாக நுழைந்துவிட்டாள். ஒரு வருஷத்தில் அவளுக்கு வந்த முதல் அழைப்பு அது.

திரையில் மூன்று முகம். மேடம் சென்னையில், நான் வீட்டில், அவள் கடையில். என்னைப் பார்த்ததும் அவள் கண்ணில் ஒரு சின்ன அசைவு. வணக்கம் மட்டும் சொன்னாள். மேடம் தாளைப் பார்த்துக் குழம்பினார்.

"ஏழு வருஷம் இந்த பிளாட்பார்ம்லயா?"

"இல்லைங்க மேடம். ஜெராக்ஸ் கடையில. அதான் எழுதியிருக்கேன். இதுல நான் ஃபிரெஷர், புதுசு."

மேடம் அங்கேயே முடித்திருக்கலாம். என்னவோ முடிக்கவில்லை. கேள்வி கேட்டார். தெரிந்ததைச் சொன்னாள், நன்றாகவே சொன்னாள். தெரியாததற்கு, "தெரியாதுங்க மேடம்" என்றாள், குரலை ஒரு இழைகூட இறக்காமல். செய்ததில் எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டபோது, வரப்பில் உட்கார்ந்து பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்துத் திட்டத்தைத் தொலைத்த முட்டாள்தனத்தை ஒளிக்காமல் சொன்னாள். மேடம் சிரித்தார். அந்த நேரத்தில் அவள் பின்னால், தெருவில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது: "பழைய இரும்பு, பழைய பேப்பர், ஓட்டை உடைசல் பிளாஸ்டிக்..." அவள் மன்னிப்புக் கேட்டாள். மேடம் பரவாயில்லை என்றார். ஐந்து நிமிடம் கழித்து அதே ஆட்டோ என் வீட்டு வாசலுக்கு வந்தது. அதே குரல், அதே ஓட்டை உடைசல், இப்போது என் மைக்கில்.

"அட, ரெண்டு பேரும் ஒரே ஊரா?" என்றார் மேடம். "உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

"தெரியும் மேடம்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

போன வருஷம் விழுப்புரத்தில் ஒரே வகுப்பு என்று அவள் சொன்னால், என் நாலு வருஷம் அந்த நிமிடமே செத்தது. அவளுக்குப் பொய் வராது என்பது எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

"மேடம், இது எனக்கு நடக்கற இண்டர்வியூ" என்றாள் அவள். "என்னைப் பத்திக் கேளுங்க, எதுனாலும் சொல்றேன். அவரைப் பத்தி அவருகிட்டயே கேட்டுக்குங்க."

மேலதிகாரியிடம் இப்படிப் பேசி யாரும் வேலை வாங்கியதில்லை. மேடம் புருவத்தைத் தூக்கி என் பக்கம் பார்த்தார்.

"ஒரே ஊர்தான் மேடம். ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கேன்" என்றேன்.

பொய் இல்லை. போயிருக்கிறேன்தான். ஆனால் என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான உண்மை ஒன்றை நான் பேசியதில்லை. அவள் ஒரு தடவை கீழே, மேஜையைப் பார்த்தாள். பிறகு அடுத்த கேள்விக்கு நிமிர்ந்தாள்.

அவள் போன பிறகு மேடம் சொன்னார்: "தைரியமான பொண்ணு. ஆனா நமக்கு மூணு வருஷம் வேணுமே. ரிஜெக்ட் போட்டுடுங்க. காரணம் நீங்களே ஒரு வரி எழுதிடுங்க, வழக்கமா எழுதறதுதான்." துணைக்கு உட்காருபவன்தான் காரணம் எழுத வேண்டும், அது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

'அனுபவம் போதவில்லை' என்று எழுத இரண்டு விநாடி போதும். நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். யார் மேல் என்று கேட்காதீர்கள்; சார் மேல், கம்பெனி மேல், எண்ணை மட்டும் பார்க்கிற இயந்திரத்தின் மேல், எல்லாவற்றையும்விட ஜெராக்ஸ் எடுக்கப் போன என் மேல். அந்தக் கட்டத்தில் இப்படி எழுதினேன்: "இவரும் நானும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்ந்தோம். என் தாளில் இருக்கும் மூன்று வருஷம் பொய். இவருக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. அனுபவம் போதாது என்றால் முதலில் போக வேண்டியவன் நான்." அனுப்பிய பிறகுதான் மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

நாலாம் நாள் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி, அதில் எனக்கு வழக்கு இல்லை.

அடுத்த வாரம் ஏதோ தாளை நகல் எடுக்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். முகத்தில் கோபம்.

"மேடம் எனக்கு போன் பண்ணாங்க. நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டுனாங்க. உண்மையானு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"ஒரே நாள் சேர்ந்தது உண்மைன்னேன். மூணு வருஷத்தைப் பத்தி அவரே சொல்லிட்டாரு, நான் சொல்ல என்னா கீதுன்னேன். நடுவுல ஒரு வரி பொய்னு சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "எது பொய்?"

"எனக்குத் தெரிஞ்சதுல பாதி உங்களுக்குத் தெரியாதுனு எழுதிக்கீறீங்களே, அது. ஸ்கிரிப்ட் அவரு என்னைவிட நல்லா எழுதுவாரு மேடம், எனக்கு அது இன்னும் சரியா வரலைன்னேன்."

"அடிப்பாவி! வேலை கேக்கற எடத்துல போய் அதை ஏன் சொன்ன?"

"பின்ன? என்னைத் தூக்கி வெக்கறதுக்கு உங்களை எதுக்குண்ணா எறக்கி எழுதணும்? யாரு கேட்டா உங்களை?" குரல் உயர்ந்தது. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மொத தடவை உண்மையா எழுத உக்காந்தீங்க. அதுலயும் ஒரு வரி பொய்யி."

அவள் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "டிரெய்னியா வரச் சொல்லிக்கீறாங்க. திங்கக்கெழமை போறேன். உங்க வேலை போச்சேனு நான் போகாம இருக்க மாட்டேண்ணா. பொய் சொன்னதும் நீங்க, அதை ஒடச்சதும் நீங்க. ரெண்டுலயும் எனக்குப் பங்கு இல்லை."

"போம்மா, போ. போகலைனா நான் உதைப்பேன்" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். அவள் உள்ளே போய் என் தாளை நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இதைப் படித்துவிட்டு என்னை வேலைக்கு எடுக்க மாட்டேன் என்பவர்கள் தாராளமாக எடுக்காமல் இருக்கலாம். இப்போது இருக்கிற சின்னக் கம்பெனியில் என்னை எடுத்தவர் இதையெல்லாம் என் வாயால் கேட்ட பிறகுதான் எடுத்தார். அவரிடம் கொடுத்த தாளில் அனுபவம் பதினோரு மாதம் என்று எழுதினேன். அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்று அதற்குக் கீழேயே எழுதினேன். அதற்கும் கீழே, ஸ்கிரிப்ட் நன்றாக எழுதுவேன் என்று ஒரு வரி. இதற்கு யாராவது சாட்சி உண்டா என்று அவர் கேட்டார். இருக்கிறாள் என்று சொல்லி, அவள் நம்பரைக் கொடுத்தேன்.